பனி நிலத்தில் ஒரு பாட்டுக்குருவியும் ஒரு நரியும்

எல்லோருக்கும் வணக்கம். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பாட்டுக்குருவியையும் ஒரு நரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். இரண்டும் வடதுருவப் பகுதியில் இனம் பெருக்கி வாழ்பவை. குருவிக்கு ஸ்னோ பன்டிங் என்று பெயர். எடை 30, 40 கிராம்தான். மற்றது துருவ நரி. சில கிலோ எடை.

இரண்டிலும் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளை. பெரும்பாலான துருவ நரிகள் ஆண்டுக்கு இரண்டு முறை ரோமம் மாற்றுகின்றன: கோடையில் பழுப்பு, குளிருக்கு அடர்ந்த வெள்ளை. குருவி இறகு மாற்றுவதோ ஒரே முறை, கோடை முடியும் சமயத்தில். சரி, அப்படியானால் வசந்தத்தில் ஆண் குருவி பளிச்சென்ற வெள்ளையும் கறுப்புமாக நிற்பது எப்படி? புது இறகின் நுனி மட்டும் பழுப்பு. குளிர்காலம் நெடுக அந்த நுனி தேய்கிறது. போதாததற்கு, குருவி பனியில் உடம்பை உரசி உரசி மிச்சத்தையும் உதிர்த்துவிடுகிறது. அடியில் காத்திருந்த நிறம் அப்போது வெளியே வருகிறது. தேய்மானத்தையே அலங்காரமாக்கிக்கொண்ட இந்தக் குருவியை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

நடையில் நரியை மிஞ்ச முடியாது. 2018-இல், இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை பொருத்திய ஓர் இளம் பெண் நரி, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து உறைந்த கடல்மேலும் கிரீன்லாந்தின் பனிமேலும் நடந்தே 76 நாட்களில் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 3,506 கிலோமீட்டர்!

குருவியின் துணிச்சல் வேறு மாதிரி. மைனஸ் 30 டிகிரி வரை குளிர் இறங்கக்கூடிய ஏப்ரலிலேயே ஆண் குருவிகள் வந்துவிடுகின்றன. பெண் குருவிகள் வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அப்படி என்ன அவசரம்? நல்ல பாறை இடுக்கு கிடைப்பது அரிது. முந்தி வந்து, பாடிப் பாடி அந்த இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். முட்டையும் குஞ்சும் நரிக்கு இரை. அதன் வாய் எட்டாத ஆழத்தில்தான் கூடு இருந்தாக வேண்டும். ஆனால் ஆழத்தில் குளிர் அதிகம். தாய்க்குருவி எழுந்து போனால் முட்டை விறைத்துப் போகும். அதனால் அவள் அசையாமல் அடைகாக்க, ஆண் குருவி இரை கொண்டுவந்து ஊட்டுகிறது.

அந்தக் கூட்டுக்குள் கொஞ்சம் பாருங்கள். புல், பாசி, நடுவில் மெத்தென்று இறகும் ரோமமும். சில கூடுகளில் அந்த ரோமம், கோடை வந்ததும் துருவ நரி உதிர்த்துப் போட்ட வெள்ளை ரோமம்.