மைனஸ் டிகிரி ஊருக்குக் கோட்டு எடுக்கப் போறீங்களா? ரேட்டுக்கு முந்தி லேபிளப் பாருங்க

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னைக்குப் பேசப் போறது குளிர் கோட்டு பத்தி. கனடா, ஜெர்மனின்னு படிக்கப் போற பிள்ளைங்க, லடாக்குல லே பக்கம் வேலைக்குப் போறவங்க, எல்லாருக்கும் ஒரே சிக்கல்தான். திருநெல்வேலியில 38 டிகிரி வெயில்ல நின்னுக்கிட்டு மைனஸ் 20க்குக் கோட்டு எடுக்கோம். கடையில போட்டுப் பாத்ததும் வேர்த்து ஊத்துது. ‘யம்மாடி, நல்ல சூடா இருக்கே’ன்னு பில்லப் போட்டுருதோம்.

அந்தச் சூட்ட நம்பாதீங்க. நம்ம ஊர்ல அதிகமா வேர்க்க வைக்கது ரெக்சின் ஜாக்கெட்டுதான். ஏன்னா அதுல வேர்வை ஆவி வெளிய போக வழியே கிடையாது. அதே ஜாக்கெட்டு மைனஸ் 15ல விறைச்சுப் போயி மடிப்புல வெடிக்கும். உள்ள நின்ன ஈரம் முதுகச் சில்லுன்னு ஆக்கிரும். கோட்டு நமக்குச் சூடு தாரதில்ல, உடம்புச் சூட்ட வெளிய விடாமப் புடிச்சு வைக்கி. புடிச்சு வைக்கது துணி கூட இல்ல, துணிக்குள்ள அசையாம நிக்க காத்து. இலவம்பஞ்சு மெத்தைய வெயில்ல போட்டு எடுத்தா உப்பி நிக்கும்லா, அந்த உப்பல்தான் நமக்கு வேணும். கனமா இருந்தாத்தான் கதகதப்புன்னு நினைக்காதீங்க.

கடைக்குப் போறதுக்கு முந்தி, போற ஊரோட குளிர் ஈரக்குளிரா, காஞ்ச குளிரான்னு தெரிஞ்சுக்கிடுங்க. லண்டன், ஆம்ஸ்டர்டாம், வான்கூவர் எல்லாம் ஈரக்குளிர். பூஜ்யத்துக்கு அஞ்சாறு டிகிரி மேலயும் கீழயும்தான் ஓடும், ஆனா தூறலும் காத்தும் விடாது. கனடாவுல வின்னிபெக், எட்மன்டன் எல்லாம் காஞ்ச குளிர். வின்னிபெக்ல ஜனவரி ராத்திரி சராசரியே மைனஸ் 20 பக்கம். பனி விழுந்தாலும் மாவு மாதிரி உதிர்ந்துரும், தட்டி விட்டுட்டுப் போயிரலாம். டொரன்டோ, மான்ட்ரியல்ல ரெண்டும் கலந்து வரும்.

இதப் பொறுத்துத்தான் உள்ள என்ன அடைச்சிருக்கணும்ங்கது. வாத்து இறகோட அடியில இருக்க மென்பஞ்சு இருக்குல்லா, அதத்தான் டவுன்னு சொல்லுதாங்க. காஞ்ச குளிருக்கு அத அடிச்சுக்க ஆளு இல்ல. ஆனா நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு உப்பல் போயிரும், உப்பல் போனா கதகதப்பும் போச்சு. அதனால ஈரக்குளிர் ஊருக்கு பாலியஸ்டர் பஞ்சு அடைச்ச கோட்டுதான் எடுக்கணும், நனைஞ்சாலும் ஓரளவு தாங்கும். மேல் துணி 10,000 மில்லிமீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தத்தத் தாங்கும்னு போட்டிருக்கணும், தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும். டேப் இல்லன்னா ஊசி போன ஓட்டை வழியா தோள்ல தண்ணி இறங்கும்.

இப்ப லேபிளுக்கு வாரேன். கேமராவக் கிட்டக் கொண்டு போறேன், பாருங்க. இடுப்புப் பக்கம் உள் தையல்ல தொங்குதுல்லா, இதுதான். இதுல ‘டவுன் 90, ஃபெதர் 10’னு போட்டிருக்கு. நூத்துல 90 பங்கு மென்பஞ்சு, 10 பங்கு தண்டுள்ள இறகு. 80க்கு 20 வரைக்கும் தாராளமா எடுக்கலாம். 50க்கு 50ன்னா விட்டுருங்க, தண்டு குத்தும், உப்பலும் நிக்காது. உள்ள அடைச்சதப் பத்திச் சொல்லுத வரியில (மேல் துணி வரியில இல்ல) ‘100 சதவீதம் பாலியஸ்டர்’னு இருந்துச்சுன்னா கடைக்காரர் என்ன சொன்னாலும் அது டவுன் இல்ல.

அடுத்து ஃபில் பவர். 550, 650, 800ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் பஞ்சு, எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிக்கும்ங்கது அது. எண்ணு கூடக் கூட அதே கதகதப்பு குறைஞ்ச எடையில கிடைக்கும். இதுலதான் நிறைய பேரு ஏமாறுதாங்க. 800ன்னு கையில பெருசா தச்சிருப்பாங்க, உள்ள அடைச்சது 80 கிராமாத்தான் இருக்கும். 650ல 250 கிராம் அடைச்ச கோட்டு அதவிட எவ்வளவோ மேல். அதனால ‘ஃபில் வெயிட் எவ்வளவு கிராம்?’னு கேளுங்க. மைனஸ் 15, 20க்கெல்லாம் தொடை வரைக்கும் வார கோட்டுல 200 கிராமுக்குக் குறையாம இருந்தா நல்லது. பாலியஸ்டர் பஞ்சுக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்னு கணக்கு வரும், 60ங்கது லேசு, 200ங்கது கனத்த குளிருக்கு. ‘மைனஸ் 30 வரை தாங்கும்’னு அட்டையில இருக்கது அந்தக் கம்பெனி சொல்லுத கணக்கு. ரெண்டு கம்பெனிக் கணக்க வச்சு ஒப்பிட முடியாது. கிராம்ல பொய் சொல்லது கஷ்டம், அத நம்புங்க.

இந்தத் தையலப் பாருங்க. லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிக்கேன். கட்டம் கட்டமா இருக்கதுல பஞ்சு இருக்க இடம் இருட்டா இருக்கு, தையல் ஓடுத இடத்துல வெளிச்சம் கோடா வருதா? மேல் துணியையும் உள் துணியையும் சேத்துப் புடிச்சுத் தச்சிருக்காங்க, அந்தக் கோட்டுல பஞ்சே கிடையாது. சூடு அது வழியாத்தான் வெளிய போகும், காத்தடிச்சா அந்த வரியில மட்டும் குளிரும். பூஜ்யம், மைனஸ் 5க்கு இது போதும். அதுக்குக் கீழ போற ஊருன்னா, ரெண்டு துணிக்கும் நடுவுல சின்னச் சுவர் மாதிரி துணி வச்சுத் தச்சது, இல்லன்னா மேல தனியா ஒரு துணி போத்தினது வேணும். கடையில ஃபோன் டார்ச்ச உள்பக்கமா அடிச்சுப் பாத்தீங்கன்னாலே தெரிஞ்சுரும்.

அளவு. டீ ஷர்ட் மேல போட்டுப் பாத்து எடுக்காதீங்க, தயவு செஞ்சு. கடைக்குப் போகும்போது ஒரு கனமான ஸ்வெட்டரக் கொண்டு போங்க. அதப் போட்டு, மேல கோட்டப் போட்டு, ஜிப்ப முழுசா ஏத்துங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க, இடுப்பு வெளிய தெரியக் கூடாது. முன்னால கையக் கட்டிப் பாருங்க, முதுகு இழுக்கக் கூடாது. இழுத்துச்சுன்னா பஞ்சு நசுங்குதுன்னு அர்த்தம், நசுங்கின பஞ்சுல காத்து நிக்காது. அதுக்காக ரொம்பத் தொளதொளன்னும் வேண்டாம், நடக்க நடக்க கீழ வழியா குளிர்காத்த இழுத்துக்கிடும்.

ஜிப்பு பெரிய பிளாஸ்டிக் பல்லு, மேல இருந்தும் கீழ இருந்தும் திறக்குத மாதிரி இருந்தா பஸ்ல உக்கார வசதி. ஜிப்புக்குப் பின்னால ஒரு பட்டை துணி இருக்கணும், இல்லன்னா நெஞ்சுல நேரா காத்து ஏறும். கையுறையப் போட்டுக்கிட்டு இழுத்துப் பாருங்க. மணிக்கட்டுக்குள்ள எலாஸ்டிக் பட்டை, நெத்தி வரைக்கும் வந்து இறுக்கிக் கட்டுத தொப்பி, இது ரெண்டும் கட்டாயம். காத்தோட சேத்துக் கணக்குப் பண்ணுத குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினா, மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிசத்துல உறைய ஆரம்பிக்கலாம்னு கனடா வானிலைக்காரங்க எச்சரிக்கை குடுக்காங்க. காது, மூக்கு நுனி, விரல்தான் முதல்ல மாட்டும்.

நிறமும் பாருங்க. பெர்லின்ல டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணி வாக்குல சூரியன் மறைஞ்சுரும். கறுப்புக் கோட்டுன்னா வண்டிக்காரனுக்கு நீங்க தெரிய மாட்டீங்க, கையில ஒரு ரிஃப்ளெக்டர் பட்டையாவது மாட்டிக்கிடுங்க.

உள்ள பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையக் குடிச்சிட்டுக் காயாம ஒட்டிக்கிட்டே கிடக்கும். மெரினோ கம்பளி இல்லன்னா பாலியஸ்டர் தெர்மல் (உடம்போட ஒட்டிப் போடுத உள்சட்டை), அதுக்கு மேல ஃபிளீஸ் (பொசுபொசுன்னு இருக்க சட்டை), அதுக்கு மேல கோட்டு. அங்க கட்டிடத்துக்குள்ள 20 டிகிரிக்கு மேல ஹீட்டர் ஓடும், உள்ள போனதும் கழட்டிருங்க. வேர்த்தபடி வெளிய வந்தாத்தான் நடுங்கும்.

எங்க வாங்கன்னு கேக்கீங்க. செப்டம்பர்ல போறவங்க இங்க பெரிய கோட்டுக்குக் காசக் கொட்டாதீங்க. தெர்மல், ஃபிளீஸ், ஒரு லேசான ஜாக்கெட்டு போதும். அங்க போயி குளிரப் பாத்துட்டு அக்டோபர்ல எடுங்க, நல்ல பழைய கோட்டு விக்க கடைகளும் அங்க நிறைய இருக்கு. ஜனவரியில போறவங்க கதை வேற. ஏர்போர்ட்ட விட்டு வெளிய கால் வச்சதுமே குளிர்தான், அதனால கோட்டோடதான் போகணும். சென்னை, பெங்களூர்ல ட்ரெக்கிங் சாமான் விக்க கடையில கிராம் கணக்கோட பாத்து எடுக்கலாம். செக்-இன் பண்ணுத 23 கிலோ பெட்டியில அத அமுக்காதீங்க, கையில கொண்டு போங்க.

ஒரு விசயம், பாருங்க, இந்தத் தையல்ல ஒரு இறகு நீட்டிக்கிட்டு இருக்கு. கை பரபரக்கும், வெளிய இழுத்துராதீங்க. இழுத்தா ஓட்டை பெருசாகி பின்னால பத்து வரும். உள்பக்கமா துணியோட சேத்துப் புடிச்சு இறகப் பின்னுக்கு இழுங்க, துணிய லேசாத் தேச்சு விடுங்க, ஓட்டை அடைஞ்சுக்கிடும்.

தொவைக்கும்போது காரமில்லாத சோப்பு கொஞ்சமாப் போடுங்க, கம்ஃபர்ட் மாதிரி திரவம் வேண்டவே வேண்டாம், அது பஞ்சு மேல படிஞ்சு உப்ப விடாது. புழியாதீங்க. டிரையர்ல குறைஞ்ச சூட்டுல ரெண்டு மூணு டென்னிஸ் பந்தோட ஓட விடுங்க, பந்து அடிச்சு அடிச்சு கட்டிய உடைக்கும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். அவசரப்பட்டு மடிச்சா நாத்தம் புடிச்சுரும். லீவுக்கு ஊருக்குக் கொண்டு வந்தீங்கன்னா காத்த உறிஞ்சுத பையில மாசக்கணக்கா போட்டு வைக்காதீங்க, ஹேங்கர்ல பீரோவுக்குள்ள தொங்க விடுங்க.

அளவுல சந்தேகம் இருந்தா போற ஊரு, போற மாசம், உயரம், எடை நாலையும் கீழ எழுதிப் போடுங்க, பாத்துச் சொல்லுதேன். வாரேன் மக்களே.