பிபிஏ ஏவியேஷன் படித்தால் பைலட் ஆகலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே கேள்விதான், ஆனால் பெரிய கேள்வி. திருப்பூரிலிருந்து ஒரு அப்பா அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான், கணிதம்–உயிரியல் குரூப். பைலட் ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பிபிஏ ஏவியேஷன் சேர்த்துவிடுங்கள், மூன்று வருடத்தில் பைலட் ஆகிவிடுவான் என்று ஒரு கல்லூரியில் சொன்னார்கள். ஏஜென்ட் ஒருவர், அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, அதிலேயே விமானம் ஓட்டவும் கற்றுத் தருவார்கள் என்கிறார். எதை நம்புவது? ஏவியேஷன் மேனேஜ்மென்ட் என்கிறார்களே, அதுவும் பைலட் படிப்பும் ஒன்றுதானா?"

ஐயா, ஒன்றில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பைலட் இல்லை. விமான நிறுவனத்தில் இயக்கக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். எந்த விமானம் எப்போது கிளம்பும், யார் ஓட்டுவார்கள் என்று பார்க்கிற பக்கம். அதனால் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை நிர்வாகம் படித்தவர் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா? முடியாது. அந்த மாதிரிதான் இதுவும். பிபிஏ ஏவியேஷன், எம்பிஏ ஏவியேஷன் மேனேஜ்மென்ட் எல்லாம் நிர்வாகப் படிப்புகள். பல்கலைக்கழகம் பட்டம் தரும். விமானம் ஓட்டும் உரிமத்தைப் பல்கலைக்கழகம் தர முடியாது. இந்தியாவில் அதை டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மட்டும்தான் தரும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமென்றால் டிஜிசிஏ தரும் சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். உங்கள் பையனின் குரூப்பில் இரண்டும் இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.

சரி, உரிமத்துக்கு என்னதான் வேண்டும்? 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக. அதற்குள் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் பயணம். அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி ஏறிப் போவதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம். இது போக எழுத்துத் தேர்வுகள்: வான்வழிச் செலுத்துதல், வானிலையியல், வான்வழி விதிமுறைகள், விமானத் தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம், ஆர்டிஆர் என்பார்கள். அது முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 1934-ஆம் வருட விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் புதுச் சட்டம் வந்ததே, அதோடு அதுவும் டிஜிசிஏவிடம் வந்துவிட்டது.

இவ்வளவையும் கற்றுத் தருவது பறக்கும் பயிற்சிப் பள்ளி. டிஜிசிஏ அனுமதி பெற்ற பள்ளியாக இருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்று ஒரு ஊர். அங்கே 1985-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி இருக்கிறது. மகாராஷ்டிராவில் கோண்டியாவில் ஒரு பெரிய பள்ளி. நம் பக்கத்தில் சேலம் விமான நிலையத்தையும் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிக்கான இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

அதே ஃபர்சத்கஞ்சில்தான் ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 2013-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே விமான சேவை, ஏர் கார்கோ மேலாண்மை, விமான நிலைய இயக்கம் என்று படிப்புகள் நடக்கின்றன. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள்: ஒன்றில் ஓட்டக் கற்கலாம், இன்னொன்றில் நிர்வகிக்கக் கற்கலாம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே உண்டு. ஆனால் அங்கேயும் பறப்பதற்கு ஒரு பட்டம், மேலாண்மைக்கு வேறொரு பட்டம். பறக்கிற மாணவர்கள் சிட்னியின் பேங்ஸ்டவுன் விமான நிலையத்துக்குப் போய்ப் பறப்பார்கள். மேலாண்மை மாணவர்கள் வகுப்பறையில் இருப்பார்கள். ஒன்றைப் படித்தால் இன்னொன்று கூடவே வந்துவிடாது.

அப்படியானால் அந்தக் கல்லூரிக்காரர் பொய் சொன்னாரா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில கல்லூரிகள் ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். நீங்கள் கல்லூரியில் கட்டுவது பட்டத்துக்கான கட்டணம் மட்டும். பறக்கிற செலவு தனி. இன்றைய நிலவரத்தில் இந்தியாவில் அது 50 லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். மூன்று வருடத்துக்கும் சேர்த்துச் சில லட்சம்தான் கட்டணம், பைலட் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பு முடிக்கும்போது என் மகன் கையில் டிஜிசிஏ சிபிஎல் இருக்குமா? அதை எழுத்தில் தருவீர்களா?" பதிலில் சிமுலேட்டர், ஏர்போர்ட் விசிட், பிளேஸ்மென்ட் என்று பேச்சு வளைந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து அமெரிக்கா. ஏஜென்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது. எம்ப்ரி ரிடில், பர்டூ, நார்த் டகோட்டா மாதிரிப் பல்கலைக்கழகங்களில் பட்டமும் பறக்கும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். பர்டூவுக்குச் சொந்தமாக விமான நிலையமே உண்டு. ஆனால் அமெரிக்க மாணவன் ஏன் நான்கு வருடம் செலவழித்து அந்தப் பட்டம் வாங்குகிறான்? காரணம் ஒரு விபத்தில் தொடங்குகிறது.

2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். விமானத்தின் வேகம் குறைந்து ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கின்றன என்று எச்சரிக்கை வந்தபோது விமானி மூக்கைக் கீழே தள்ளியிருக்க வேண்டும், மேலே இழுத்துவிட்டார். இறந்தவர்களின் குடும்பங்கள் நாடாளுமன்றத்தை விடவில்லை. 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் விதி அமலுக்கு வந்தது: பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரவே 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு 250 மணி நேரத்தோடுகூடத் துணை விமானியாகலாம். இதில் ஒரு வேடிக்கை. கோல்கன் விமானத்தை ஓட்டிய இரண்டு பேருக்குமே 1500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. அந்த விதி அவர்களை நிறுத்தியிருக்காது. இன்றுவரை அங்கே அதைப் பற்றி வாதம் ஓயவில்லை.

பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளே வருகிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் விமானப் பாடங்களில் போதுமான கிரெடிட்டோடு இளங்கலை முடித்து, பயிற்சியையும் அங்கேயே எடுத்தவருக்கு 1500 என்பது 1000 ஆகக் குறையும். 500 மணி நேரச் சலுகை. மற்றவர்கள் அந்த 500 மணி நேரத்துக்குச் சிறு விமானங்களில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டு இன்னும் பல மாதங்கள் காத்திருப்பார்கள். பட்டத்துக்குச் சட்டப்படி ஒரு விலை இருக்கிறது. அதனால் அமெரிக்க மாணவனுக்கு அந்தப் பட்டம் லாபம்.

உங்கள் பையனுக்கு? அமெரிக்க விமான நிறுவனத்தில் வேலை பார்க்க அங்கே வேலை செய்யும் உரிமை வேண்டும். மாணவர் விசாவில் போனவருக்கு அது சுலபமாகக் கிடைப்பதில்லை. படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் பயிற்சியாளராக இருக்கலாம், அப்புறம் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் இங்கே 1500 மணி நேர விதியே கிடையாது, 200 மணி நேரத்தோடு சிபிஎல் கிடைத்துவிடும். அதாவது அந்த 500 மணி நேரச் சலுகைக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. அதோடு அமெரிக்க உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற டிஜிசிஏ தேர்வுகளை எழுதித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, ஏஜென்ட் சொல்லமாட்டார். அந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். நான்கு வருடப் பட்டத்தில் முதல் வருடமே பறக்கத் தொடங்கி, முடித்துவிட்டு ஊருக்கு வந்து தேர்வு எழுதுவதில் ஒன்றரை வருடம் இழுத்தடித்தால் ஆரம்பத்தில் பறந்த மணி நேரங்கள் கணக்கிலிருந்து நழுவும்.

அமெரிக்காவே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே வானிலையும் விமானங்களின் எண்ணிக்கையும் நன்றாக இருக்கும் இடங்களில் பறக்கும் பயிற்சி சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பட்டம் வேண்டாம், பயிற்சிப் பள்ளி போதும். விசா வகையே வேறு: பட்டப்படிப்புக்கு எஃப்-1, தொழிற்பயிற்சிக்கு எம்-1. டெல்டா ஏர்லைன்ஸ்கூட 2022-இல் பைலட் வேலைக்கு நான்கு வருடப் பட்டம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது.

இனி மேலாண்மைப் படிப்பு. அதை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே விமானத்தில் ஒவ்வொரு இருக்கையையும் ஒவ்வொரு விலைக்கு விற்கிறார்களே, அதை முடிவு செய்ய ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கும் நேரத்தைப் பங்கு போடுவது, சரக்கு, தரைச் சேவை, பாதுகாப்பு மேலாண்மை, குத்தகை ஒப்பந்தங்கள், எல்லாம் உண்மையான வேலைகள். கணக்கும் எக்செல்லும் நன்றாக வருகிற பிள்ளைகள் அதில் மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிபிஏ ஏவியேஷன் முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் செக்-இன் கவுன்டர், தரைச் சேவை நிறுவனம். சம்பளம் குறைவு, ஷிஃப்ட் அதிகம். அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் தப்பில்லை.

முக்கியமான ஒன்றைப் பல பெற்றோர்கள் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலை இருக்கிறது, நல்ல வேலை, மத்திய அரசு நிறுவனம். அதற்குத் தகுதி, இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம். பிபிஏ ஏவியேஷன் படித்தவர் விண்ணப்பிக்கவே முடியாது! விமான நிலைய இயக்கப் பிரிவு அதிகாரிக்கு அறிவியல் பட்டத்தோடு எம்பிஏ, அல்லது பொறியியல். அங்கேயும் பிபிஏ நுழையாது. பெயரில் ஏவியேஷன் இருக்கிறது, விமான நிலையத்தின் நல்ல கதவுகள் இரண்டு பூட்டியிருக்கின்றன. சாதாரண பி.எஸ்சி. இயற்பியல் படித்த பிள்ளைக்கு அவை திறந்திருக்கின்றன.

"பைலட் வேலை போனால் கைகொடுக்க ஒரு பட்டம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட், மூன்றும் நின்றபோது எத்தனை பைலட்டுகள் வேலையில்லாமல் நின்றார்கள். 2020 கொரோனாவைச் சொல்லவே வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் ஒருமுறை தவறினாலும் உரிமம் அலமாரிக்குள் போய்விடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், விமானத் துறையே படுக்கிறபோது ஏவியேஷன் மேனேஜ்மென்ட் பட்டமும் சேர்ந்துதானே படுக்கும்? அதனால் பைலட் ஆகப்போகிற பிள்ளைக்கு நான் சொல்வது வேறு துறைப் பட்டம். பி.காம், கணினி, கணிதம், எதுவானாலும் சரி. தொலைதூரக் கல்வியில் படித்தாலும் பரவாயில்லை. பத்து வருடம் பறந்த பிறகு நிறுவனத்தின் பயிற்சி, பாதுகாப்பு பிரிவுக்குப் போக ஆசை வந்தால் அப்போது மேலாண்மை படிக்கட்டும், அப்போது அது நன்றாகப் பயன்படும்.

அப்புறம் செலவு. சிபிஎல்லோடு முடிவதில்லை. ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் பல லட்சம். விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்களில் எல்லாம் சேர்ந்தே வரும், ஆனால் மொத்தம் ஒரு கோடியைத் தொட்டுவிடும். வங்கிக் கடன் இவ்வளவு பெரிய தொகைக்குச் சொத்து அடமானம் கேட்கும். வீட்டுப் பத்திரத்தை வைப்பதற்கு முன்னால் பையனுக்கு மருத்துவப் பரிசோதனை முடித்துவிடுங்கள். முதலில் கிளாஸ் 2 என்கிற ஆரம்பப் பரிசோதனை, பிறகு சிபிஎல்லுக்கு வேண்டிய, இன்னும் கடுமையான கிளாஸ் 1. கண்ணாடி போட்டிருந்தால் பயமில்லை, சரிசெய்த பார்வை விதிக்குள் இருந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் அது பெரிய தடையாகிவிடும். பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்கிற குடும்பங்கள் உண்டு.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளை ஆண்டுக்கு இருமுறை தரம் பிரிக்கிறது, அதைப் பாருங்கள். 200 மணி நேரத்தை ஒரு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு நாலு மணி நேரம்கூட வேண்டாம். கேட்டால் சுலபமாகத் தெரியும். ஆனால் விமானம் பழுது, பயிற்சியாளர் இல்லை, மழை, மூடுபனி என்று இரண்டு வருடம், அதற்கு மேலும் இழுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஹாஸ்டல் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள், கடைசியாக முடித்தவர் எத்தனை மாதத்தில் முடித்தார், இவற்றை அங்கே படிக்கிற மாணவர்களிடமே கேளுங்கள். அலுவலகத்தில் சொல்வதும் கேன்டீனில் சொல்வதும் வேறு வேறாக இருக்கும்.

பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத பள்ளியாக இருந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.