காலி வீட்டுக்குப் பூட்டு எதற்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆப்கான் பெண்களின் வாழ்வில் விஞ்சி நிற்பது சவாலா, முன்னேற்றமா? முன்னேற்றம் என்று பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், கஷ்டமான அணிதான் எனக்கு வாய்த்திருக்கிறது.

எதிரணி அம்மா பட்டியலே வாசித்துவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. 2023-இல் அழகு நிலையங்கள். 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் படிப்பு. அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் காலி வீட்டுக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? பூட்டுகிற அளவுக்கு அங்கே மாணவிகள் நிறைந்த வகுப்பறை இருந்தது, பெண்களே முதலாளியாக நடத்திய கடை இருந்தது.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கொடுத்தது, அவன் போனதும் போச்சு" என்றார்கள். சரி, ஹெராத் நகருக்கு வாருங்கள். 1990-களில் முதல் தாலிபான் ஆட்சி. அப்போது அங்கே பெண்களுக்கு ஒரு தையல் பள்ளி. பையில் மேலாக துணி, கத்தரிக்கோல், நூல். அடியில் நோட்டுப் புத்தகம். உள்ளே நடந்தது இலக்கிய வகுப்பு! வெளியே விளையாடிய பிள்ளைகள்தான் காவல். எந்த அமெரிக்கன் வந்து ஊசி கோத்துக் கொடுத்தான்?

அப்புறம் பெயர் விஷயம். அந்நியர் முன்னால் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வதே அங்கே பலருக்கு மானக்கேடு. கல்யாணப் பத்திரிகையில் 'இன்னாரின் மகள்', கல்லறையில் 'இன்னாரின் தாய்'. 2017-இல் இளம்பெண்கள் சிலர் 'என் பெயர் எங்கே?' என்று இயக்கம் தொடங்கினார்கள். எங்கே? அதே ஹெராத்தில். 2020 செப்டம்பரில் 'தஸ்கிரா' என்னும் அடையாள அட்டையில் தாயின் பெயரையும் சேர்க்கும் சட்டத் திருத்தத்தில் அதிபர் கையெழுத்திட்டார். பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒருவழியாக ஒரு வரி.

"இப்போது வாய் திறக்க முடியுமா?" என்றும் கேட்டார்கள். திறந்தார்களே! 'நான், கார், ஆசாதி' என்று கத்தினார்கள். நான் என்றால் நம் ஓட்டல் நான்தான், ரொட்டி. கார் என்றால் வேலை, ஓடுகிற கார் இல்லை. ஆசாதி, விடுதலை. 2022 ஆகஸ்டில் காபூல் தெருவில் இப்படி முழங்கியபோது வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டினார்கள். நாலு மாதத்தில் பல்கலைக்கழகத் தடை வந்தது. மறுபடி தெருவில் பெண்கள். ஊர் எது என்று சொல்ல வேண்டுமா? ஹெராத்! டிசம்பர் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கலைத்தார்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அமர்கிறேன்.