மண்குடமும் பொன்குடமும்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் கருத்துகளில் பாதியையும் எடுத்துக்கொண்ட மூத்த வழக்குரைஞர் அவர்களே, மணவாளக்குறிச்சியிலிருந்து மழையையும் பாராமல் வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, நாற்காலி போதாமல் ஓரமாக நிற்கும் தெருவோர வியாபாரத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். சட்டம் தெளிவாக இருக்க வேண்டும். அதைச் செயல்படுத்தும் கை நடுநிலை தவறாதிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிட அருகிலேயே ஓர் இடம் வேண்டும். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதில் முதல் இரண்டும் அடங்கிவிட்டன.

தெளிவற்ற ஆணை என்ன செய்யும் என்பதை இந்தக் குமரி மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தை அடுத்து 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் விடுத்த பிரகடனம், நாடார் பெண்கள் எவ்விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல என்றது. அந்த எல்லை துணியின் எந்த மடிப்பில் தொடங்குகிறது என்பதைத் தெருவில் நிற்பவனின் கண்ணுக்கு விட்டுவிட்டார்கள். நம் காலத்திலும், 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்று அளவில்லாத சொற்களால் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென்று அறிவித்தது. அதன் பின்னும் அப்பிரிவில் வழக்குகள் பதிவாகிவந்ததைக் கேட்டு அதே நீதிமன்றம் 2021-இல் அதிர்ச்சி தெரிவித்தது.

நம் மாவட்டத்துச் சந்தையொன்றின் வாசலில் நான் கண்டதைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். குளச்சல் பக்கத்து அம்மா ஒருவர் கடவம் என்னும் கூடையில் சாளை மீனோடு உட்கார்ந்திருந்தார். வந்த அலுவலர், போக்குவரத்துக்கு இடையூறு என்று கடவத்தைத் தூக்கச் சொன்னார். அம்மா எழுந்தார், சேலைத் தலைப்பை உதறினார், மீனைக் கொத்த வந்த காக்கையை முதலில் விரட்டினார், பிறகு எதிரே துணிக்கடையின் முன்னால் சாலையை அடைத்து நின்ற கார்களைக் காட்டி, "சாரே, எனக்க கடவம் மூணு சாண் எடம். அந்த ஏழு காரும் ஆகாசத்திலயா நிக்குது?" என்றார். சந்தையே சிரித்தது, அலுவலரும் சிரித்துவிட்டார். ஆனால் கடவம் மட்டும் நகர்ந்தது, கார்கள் நகரவில்லை. மருமகளின் குடம் அன்றும் பொன்குடம்தான்.

பொதுவழியை மறிப்பதற்கு, இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 285-ஆம் பிரிவு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. எவ்வளவு மறித்தால் மறிப்பு என்று அது அளந்து சொல்லவில்லை. ஆனால் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அளந்து சொல்கிறது: கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது, அதன் பின்னும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம், அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. இத்தனை தெளிவான சட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தெளிவில்லாததையே கையில் எடுப்பதுதான் என் புகார்.

மூன்றாவது செய்திக்குத் தலைவர் நேரம் தரமாட்டார். அவர் கை மணியருகே போய்விட்டது. முறையான கணக்கெடுப்பு கோரும் மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன. நீங்கள் வியாபாரம் செய்யும் இடத்தையும் நேரத்தையும் விடாமல் எழுதுங்கள். அபராத ரசீது இருந்தால் நகலை இணைத்துவிடுங்கள்.