மணி அடிச்சதும் கிளம்புற வண்டி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மணி ஒன்பதைத் தாண்டியும் எழுந்திருக்காத பெரியோர்களே, வணக்கம்.

அரசுப் பள்ளி ஆசிரியரின் கூடுதல் பணி கடமையா, சுரண்டலா? சுரண்டலேன்னு பேச நாலு பாயிண்ட் எழுதிட்டு வந்தேன். எதிரணித் தலைவர் ஒரே வரியில அத்தனையையும் காலி பண்ணிட்டார். "நாலு மணிக்கு பெல் அடிச்சா, நாலு அஞ்சுக்கு வாத்தியார் வண்டி கேட்டைத் தாண்டிடும்"னார். நீங்களும் கை தட்டிட்டீங்க. சரி, இனி அந்த வண்டியைப் பத்தியே பேசுவோம்.

வண்டி தாண்டுது, ஒத்துக்கிறேன். வண்டியில முன்னாடி ஒரு பை தொங்குதே, அதைப் பார்த்தீங்களா? பிரிப்போம்.

அஞ்சாம் வகுப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்ற கணக்குப்படியே 30 பிள்ளைங்க. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஆக 150 நோட்டு. நோட்டுக்கு 2 நிமிஷம்னா 300 நிமிஷம், அஞ்சு மணி நேரம்.

"எதுக்கு ரெண்டு நிமிஷம்? டிக் போட்டுத் தள்ளலாமே"ன்னு அங்கே ஒரு முணுமுணுப்பு. தள்ளலாமே! பையன் எழுதியிருக்கான்: "நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்." டிக். "எங்கள் பல்லியில் பெரிய மைதானம் உள்ளது." டிக். "எனக்குப் பல்லி மிகவும் பிடிக்கும்." டிக். "தலைமை ஆசிரியர் பல்லியை நன்றாக நடத்துகிறார்." அதுக்கும் டிக்! ஐயா, அஞ்சாவதுல டிக் வாங்கின பல்லி, பத்தாவது பொதுத்தேர்வு விடைத்தாள் வரைக்கும் சுவத்தை விட்டு இறங்காது. அந்த 'ல்லி'யைச் சுத்தி வட்டம் போடணும், மேலே 'ள்ளி' எழுதணும், கீழே 'பள்ளி'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கணும். அதுக்குத்தான் ரெண்டு நிமிஷம். மறுநாள் அவன் அஞ்சு தடவை திருத்தி எழுதிட்டு வர்றதைப் பார்க்குற நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

"தயாரிப்பு நேரமும் சேர்த்துத்தானே சட்டத்துல வாரம் 45 மணி நேரம்"னு வக்கீல் நண்பர் கேட்டார். சரியாத்தான் சொன்னார். மதியச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கிறதும் சேர்த்து, பள்ளிக்கூடத்துல நாளுக்கு 7 மணி நேரம். அஞ்சு நாளைக்கு 35. மிச்சம் 10. வாரத்துல ரெண்டு தடவை நோட்டு பார்த்தா அந்தப் பத்தும் போச்சு. இன்னும் பாடக்குறிப்பு எழுதலை, பிள்ளைங்க விவரத்தை அரசுக்கு ஏத்துற எமிஸ் செயலியைத் திறக்கலை. அதுல சொந்த போன், சொந்த ரீசார்ஜ். வருகைப்பதிவை ஏத்தினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

அதே சட்டத்தோட 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாதுங்குது. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறையிலும் பாடம் இல்லாத நேரத்திலும் வாங்கச் சொல்லி 2007-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. பிள்ளைங்க வகுப்பு தப்பிச்சுது. வாத்தியாரோட ஞாயித்துக்கிழமை மாட்டிக்கிச்சு! மதிப்பூதியம் உண்டு, மறுக்கலை. ஞாயித்துக்கிழமையை யார் திருப்பித் தர்றது?

விடுங்க, அந்தப் பைக்கே வர்றேன். காலையில பிரேயருக்கு முன்னாடி நோட்டு திரும்பி வரும். பிரிச்ச உடனே சிவப்பு மை எங்கேன்னுதான் பிள்ளை தேடும். வட்டத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கும். கீழே "கையெழுத்து அழகு"ன்னு ரெண்டு வார்த்தை இருந்தா, வட்டத்தைக் கையால மறைச்சுக்கிட்டு அதை மட்டும் ஊருக்கெல்லாம் காட்டும். சாயந்திரம், எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மா அந்தச் சிவப்பு மேல விரலை வெச்சு, "இதுல என்ன சாமி போட்டிருக்கு?"ன்னு கேப்பாங்க. பிள்ளை படிச்சுக் காட்டும். வாத்தியார் அதை எழுதும்போது முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி.

நடுவர் மணியில கை வெச்சுட்டார். எனக்கு மணி அடிச்சா வேலை முடிஞ்சுது. வர்றேங்க.