முதல் புயல் எங்கே பிறந்தது?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் அமெரிக்காவில் ஹூஸ்டனிலோ டாம்பாவிலோ இருக்கும் வீடுகளில் ஜூலை மாதம் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இப்பவே இவ்வளவு பெரிய புயல் வந்துடுச்சே, நவம்பர் வரைக்கும் இன்னும் என்னென்ன வருமோ?" நியாயமான பயம்தான். அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஹரிக்கேன் என்று சொல்லுமளவுக்கு வலுக்கும் முதல் புயல் சராசரியாக ஆகஸ்ட் 11 வாக்கில்தான் வரும்.

என்னைக் கேட்டால், தேதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வரைபடத்தை எடுத்து அந்தப் புயல் எந்த இடத்தில் உருவானது என்று பாருங்கள் என்பேன். 2014-இல் அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு ஆர்தர் என்ற ஹரிக்கேன் வட கரோலினாவில் கரையேறியது. அந்த வருடம் பெயர் வைக்குமளவுக்கு வலுத்த புயல்கள் மொத்தமே 8-தான். 1957 ஜூன் கடைசியில் ஆட்ரி லூசியானாவில் 400 பேருக்கு மேல் பலிவாங்கியது, அந்த வருடமும் எண்ணிக்கை எட்டைத் தாண்டவில்லை. 1997 இன்னும் வேடிக்கை. ஜூலை முடிவதற்குள் ஆனா, பில், கிளாடெட், டேனி என்று நான்கு புயல்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆகஸ்டில் ஒன்றுகூட வரவில்லை, அதற்குப் பிறகு பருவம் முடியும்வரை பெயர் வாங்கியவை மூன்றே மூன்று. காரணம், பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ அந்த வருடம் பலமாக இருந்தது, அது அட்லாண்டிக்குக்கு மேலே காற்றைக் கலைத்துப்போட்டுவிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கரையோரத்திலோ மெக்சிகோ வளைகுடாவிலோ பிறந்தவை. அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் வருபவற்றில் பல, வடக்கிலிருந்து இறங்கி வலுவிழந்த குளிர்காற்றின் மிச்சத்தில் உருவாகிறவை. அவற்றை வைத்து நடுக்கடல் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் நடுவே இருக்கிற கடல் வேறு கதை. பருவத்தின் பெரிய புயல்களில் பெரும்பாலானவற்றின் பிறப்பிடம் அதுதான், ஆனால் ஜூலையில் அங்கே தண்ணீர் போதுமான சூடு ஏறியிருக்காது, சஹாராவின் வறண்ட, தூசி நிறைந்த காற்று வேறு மேலே பரவிக்கிடக்கும், மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இத்தனையையும் மீறி அங்கே ஒரு ஹரிக்கேன் எழுந்தால், செப்டம்பரில் இருக்கவேண்டிய நிலைமை ஜூலையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். 1996-இல் பெர்த்தா அப்படி வந்தது, அந்த வருடம் வழக்கத்தைவிட அதிகமாக 9 ஹரிக்கேன்கள்.

2024-இல் அதே நடுக்கடலில் பிறந்தது பெரில். ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவில் நான்காம் வகை ஹரிக்கேனாக மோதி வீடு வீடாகக் கூரையைப் பிய்த்தது. மறுநாளே ஐந்தாம் வகை, அதாவது உச்ச வகை, மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் காற்று. பருவத்தில் இவ்வளவு சீக்கிரம் ஐந்தாம் வகையை எட்டிய புயல் பதிவேட்டில் வேறில்லை. ஜூலை 8-இல் டெக்ஸாஸில் கரையேறியபோது வெறும் முதல் வகைதான், ஆனாலும் ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போய், வேகிற வெயிலில் ஏசி இல்லாமல் ஜனங்கள் நாட்கணக்கில் தவித்தார்கள்.

பெரிலைப் பார்த்துவிட்டு, வருடாவருடம் புயல் கணிப்பு வெளியிடும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் கணிப்பை 23 புயல்களிலிருந்து 25 ஆக உயர்த்தியது. ஆகஸ்ட் கடைசியில் பார்த்தால் கடல் கப்சிப். செப்டம்பர் 9 வரை புதிதாக ஒன்றும் இல்லை. கணிப்பு ஊத்திக்கிச்சு என்று கிண்டல் கிளம்பியது, நானும் சிரித்தேன். அப்புறம் செப்டம்பர் 26-இல் ஹெலீன், அக்டோபர் 9-இல் மில்டன், இரண்டும் ஃபுளோரிடாவில். கடைசிக் கணக்கு 18 புயல்கள், அதில் ஹரிக்கேன் 11. பல்கலைக்கழகம் சொன்னது 12. மொத்த எண்ணிக்கையில் சறுக்கினாலும் ஹரிக்கேன் விஷயத்தில் பெரில் காட்டிய திசை சரியாகத்தான் இருந்தது.

சரி, ஜூன், ஜூலை அமைதியாகப் போனால் நிம்மதியாக இருக்கலாமா? 2004-இல் ஜூலை கடைசி நாள்வரை ஒன்றுமே இல்லை, பிறகு ஆறே வாரத்தில் சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன் என்று நான்கு ஹரிக்கேன்கள் ஃபுளோரிடாவைப் பதம் பார்த்தன. 1992-இல் பெயர்ப்பட்டியலின் முதல் பெயரே ஆகஸ்ட் நடுவில்தான் தேவைப்பட்டது. அந்த வருடம் பெயர் வைத்தவை ஆறுதான். முதல் பெயர் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24 அதிகாலையில் அது ஐந்தாம் வகை ஹரிக்கேனாக மயாமிக்குத் தெற்கே ஏறி ஹோம்ஸ்டெட் ஊரைத் தரைமட்டமாக்கியது.