பாட்டே இல்லாத படமும் ஒரு தகுதிச் சான்றிதழும்

வணக்கம் நேயர்களே. பழைய படம் எதையாவது எடுத்துப் பேசுங்கன்னு கோடைப் பண்பலைல இருந்து கூப்பிட்டாங்க, நான் யோசிக்கவே இல்ல, 'அந்த நாள்' பத்திப் பேசறேன்னு சொல்லிட்டேன். 1954ல ஏவிஎம் எடுத்த துப்பறியும் படம், சிவாஜி நடிச்சது, டைரக்‌ஷன் வீணை எஸ். பாலசந்தர். அந்தப் படத்துக்குக் கிடைச்ச விருது, பாராட்டு, அதெல்லாம் ஏன் அதுக்கு அவ்வளவு அவசியமா இருந்துச்சு, இதத்தான் சொல்லப்போறேன்.

இப்ப நீங்க பூம்பாறைல பூண்டு பிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருக்கலாம், தாண்டிக்குடில காபித் தோட்டத்துல இருக்கலாம், இல்ல கீழ தேனி, திண்டுக்கல்லு பக்கம் கடைல உக்காந்திருக்கலாம். பழைய படம்னு சொன்னா முதல்ல என்ன ஞாபகம் வருது? பாட்டுதானே. நம்ம மேல்மலைக் கிராமங்கள்ல படத்தப் பாக்காதவங்களுக்குக் கூட பாட்டு முழுசாத் தெரியும், எல்லாம் ரேடியோ கேட்டே வந்தது. ஆனா 'அந்த நாள்'ல பாட்டே கிடையாது, ஒண்ணு கூட இல்ல, டான்ஸும் இல்ல. தமிழ்ல பாட்டில்லாம வந்த முதல் பேசும் படம் அதுதான். விரும்பிக் கேட்டு எழுதறவங்க அந்தப் படத்துல இருந்து எத எழுதிப் போடுவாங்க?

இப்ப விருதுக்கு வர்றேன். 1954ல வந்த படங்களுக்கான ரெண்டாவது தேசிய விருதுல தமிழுக்கு மூணு படம் தேர்வாச்சு. 'மலைக்கள்ள'னுக்கு ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம், அதுதான் தமிழ்ப் படத்துக்கு முதல் இடம், அதுக்கு அடுத்த இடத்துல 'அந்த நாள்', 'எதிர்பாராதது' ரெண்டுக்கும் தகுதிச் சான்றிதழ். இதுல 'மலைக்கள்ளன்' இன்னைக்கும் உயிரோட இருக்கு, 'எத்தனை காலந்தான் ஏமாற்றுவார்' ஒரு பாட்டு போதும். 'எதிர்பாராதது'க்கு ஜிக்கி பாடின 'சிற்பி செதுக்காத பொற்சிலையே' இருக்கு. நடுவுல நிக்கிற இந்தப் படத்துக்குத்தான் அப்படித் தூக்கிட்டுப் போக ஆளு இல்ல, அதனால அந்தச் சான்றிதழும், பாத்தவங்க எழுதின எழுத்தும், ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொன்ன பேச்சும்தான் எழுபது வருஷமா அதக் காப்பாத்திக் கொண்டு வந்திருக்கு. மத்த ரெண்டு படத்துக்கும் விருது ஒரு கௌரவம், இதுக்கு அதுவேதான் ஆயுசு.

முதல்ல ரிலீஸ் ஆனப்ப ஜனங்க ஏத்துக்கல. பாட்டு வரும் வரும்னு காத்திருந்து, வரலன்னதும் தியேட்டர்லயே கூச்சல் போட்டுருக்காங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துல ஒரு படத்துல பத்துப் பன்னெண்டு பாட்டு சாதாரணம், காசு குடுத்து வந்தவங்க அத எதிர்பாத்துதான் வந்தாங்க. ஆனா விமர்சகர்கள் அப்பவே பாராட்டிட்டாங்க, விருதும் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் படத்துக்கு ரெண்டாவது வாழ்வு. பின்னாடி ராண்டார் கை மாதிரி சினிமா வரலாறு எழுதினவங்க இதத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லிட்டே இருந்தாங்க, அதனாலதான் என்ன மாதிரி ஆளுங்க கைக்கும் வந்து சேந்துச்சு.

கதை என்னன்னா, 1943 அக்டோபர் 11ஆம் தேதி சென்னைல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அது நிஜமா நடந்தது, அந்த ராத்திரிய வச்சு ஆரம்பிக்குது. ராஜன்னு ஒரு ரேடியோ இன்ஜினியர சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆமா, சிவாஜி படம் ஆரம்பிச்ச உடனேயே செத்துர்றாரு! 'பராசக்தி' வந்து ரெண்டே வருஷம் ஆன நேரம், அவரு பேசறதக் கேக்கவே கூட்டம் வரும், அவரப் போய் முதல் காட்சிலயே பொணமாக் காட்டறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். சிஐடி சிவானந்தம் வந்து விசாரிக்கிறாரு, பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி சம்சாரம், அம்புஜம்ங்கற பொண்ணு, ராஜனோட மனைவி உஷான்னு ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்றாங்க, ஒவ்வொரு கதைலயும் ராஜன் வேற வேற ஆளாத் தெரியறான். அந்த சிஐடியா நடிச்ச ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை வசனமும். உஷாவா பண்டரிபாய், அந்தம்மா கண்ண மட்டும் பாத்துட்டே இருக்கலாம். மாருதிராவ் கேமரா இருட்டையும் நிழலையும் வச்சே பயமுறுத்தும். விமர்சகர்கள் பாராட்டினதெல்லாம் இதத்தான்.

இதுல ரேடியோ சம்பந்தம் ஒண்ணு இருக்கு, அத இந்த மைக்ல சொல்லாம எங்க சொல்றது. பாலசந்தர் ஜப்பான் டைரக்டர் குரோசாவாவோட 'ரஷோமோன்' படத்தப் பாத்துட்டு அதே மாதிரி பல பேரு சொல்ற விதமா ஒரு நாடகம் எழுதி ஆல் இந்தியா ரேடியோவுக்குக் குடுத்தாரு, அவங்க வேண்டாம்னுட்டாங்க, அப்புறம்தான் அது ஏவி மெய்யப்ப செட்டியார்கிட்ட போய்ப் படமா ஆச்சுன்னு இந்தப் படத்தப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. படத்துல ராஜனோட கனவும் ரேடியோதான், ஏழைங்களும் வாங்கற மாதிரி கம்மி விலைல ரேடியோ செய்யணும்னு அலையறான், யாரும் மதிக்கல. அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு நான் சொல்லப்போறதில்ல.

என்னக் கேட்டா வெள்ளிப் பதக்கமே இதுக்குத்தான் குடுத்திருக்கணும். 'மலைக்கள்ளன்' நல்ல படம்தான், அதுல மாத்துக்கருத்து இல்ல, ஆனா யாரும் போகாத வழில போனவனுக்குத்தான் முதல் மரியாதை போகணும்ங்கறது என் கட்சி. அப்ப பாலசந்தருக்கு வயசு 27. அதுக்கப்புறம் 'பொம்மை', 'நடு இரவில்'னு மர்மப் படங்களா எடுத்தாரு, பின்ன வீணையோடயே இருந்துட்டாரு. 1982ல பத்மபூஷண் குடுத்தாங்க, அதுவும் சங்கீதத்துக்காக. தமிழ்ல பாட்டில்லாம முதல்ல படம் எடுத்தவரு அவ்வளவு பெரிய சங்கீத வித்வான்!

யூடியூப்ல தேடிப் பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும். கொலை பண்ணது யாருன்னு முன்னாடியே யார்கிட்டயும் கேட்டுராதீங்க, பாத்தவங்களும் பாக்காதவங்ககிட்ட சொல்லிராதீங்க. பாத்துட்டு உங்களுக்கு அஞ்சு பேர்ல யாரு சொன்னது நம்பற மாதிரி இருந்துச்சுன்னு நிலையத்துக்கு எழுதிப் போடுங்க. வணக்கம்.